மாமாவின் வலது கால்

அக்கா ஒரு கையில் துணிப்பையும் மறுகையில் ரத்தப் பெட்டியுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரை. வா என்று சொல்லக்கூட எனக்கு வாய்ப்பில்லை. அவளே உள்ளே வந்து, பையை என் கட்டிலில் எறிந்து, பெட்டியிலிருந்த ஐஸ் பைகளை எங்கள் ஃபிரீஸரில் அடுக்கிவிட்டு, "இனிமே நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். என் மனைவி, "தாராளமா இருங்க அண்ணி, இது உங்க வீடு" என்றாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தப் பெட்டி என்றதும் பதற வேண்டாம். அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுப்பாள், குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான தெருக்களில் பூப்போல ஓட்டிக்கொண்டு வருவாள். இத்தனை வருடத்தில் ஒரு குழாய்கூட அவள் கையால் உடைந்ததில்லை. அன்று காலையில் எல்லாம் உடைந்துவிட்டது. உடைத்தது மாமா.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பயிற்சி காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சுவர்மீது மோதப் போகும்போது மாமாவின் வலது கால் அதை மிதிக்கும். எங்கள் ஊரில் பாதிப்பேர் கார் ஓட்டுகிறார்கள் என்றால் அது மாமா கற்றுக்கொடுத்தது. மீதிப்பேர் உயிரோடு நடமாடுகிறார்கள் என்றால் அது மாமா மிதித்தது.

என்ன கஷ்டம் என்றால், வேலை முடிந்து மாமா வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் வேலையிலேயே இருக்கும். பஸ்ஸில் போனால் முன் சீட்டை மிதிப்பார். டிவியில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால் முன்னாலிருக்கும் பிரம்பு மோடாவை மிதிப்பார். சாப்பாட்டு மேசையில் யாராவது சூடான பாத்திரத்தை நோக்கிக் கை நீட்டினால் மேசைக்கு அடியில் என் முழங்காலுக்கு மிதி விழும். சொந்தமாக அவரிடம் வண்டி எதுவும் கிடையாது. தினமும் அக்காதான் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுபோய், டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு தெரு முன்னாடியே இறக்கிவிடுவாள். மாணவர்கள் பார்த்துவிடக்கூடாதாம்.

வழி நெடுக, "பிரேக்... பிரேக்... அங்க பாரு... பிரேக்!" என்று காதோரம் பஜனை. அக்கா அதையும் சகித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று காலை முன்னால் ஒரு ஆட்டோ திரும்பியது. அக்கா பார்த்துவிட்டாள், வேகத்தையும் குறைத்துவிட்டாள். ஆனால் மாமாவுக்கு வாயும் காலும் போதவில்லை. எட்டி, அவள் கையோடு சேர்த்து பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி ஆடி, பெட்டி தெருவில் உருண்டு, மூடி திறந்து, அத்தனை ரத்தமும் ரோட்டில். பார்த்தவர்கள் பெரிய விபத்து என்று ஓடி வந்திருக்கிறார்கள். மாமாவுக்கும் அக்காவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போனேன்டா," என்றாள் அக்கா என் கட்டிலில் உட்கார்ந்து. "ஒருமுறை குத்தின கையிலயே மறுபடி குத்தினேன். ஒரு சின்னப் பொண்ணு என்னைப் பாத்ததும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. எதுக்கு? அவருக்கு என் மேல நம்பிக்கை இல்ல. இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட என்னை நம்பி உக்காந்ததில்ல."

"சரி, நான் பேசறேன்."

"பேசவே வேணாம். அவரையே ஒரு வண்டியை ஓட்டிட்டு இந்த வாசலுக்கு வரச் சொல்லு. என்னைப் பின்னாடி உக்கார வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். பின்னாடி உக்காந்தா அப்படி என்ன உயிர் போகுதுன்னு நானும் பாக்கறேன். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

முதல் இரண்டு நாள் எனக்கும் அக்கா பாசம் பொங்கியது. அப்புறம் அடங்கிவிட்டது. நான் சட்டையில்லாமல் நடமாட முடியவில்லை. காப்பி குடிக்கக் கை நீட்டினால், முழங்கை மடிப்பை விரலால் தட்டிப் பார்த்து, "உனக்கு நல்ல நரம்புடா, ஒரே குத்துல வந்துடும்" என்பாள். என் ஃபிரீஸரில் ஐஸ்கிரீமுக்கு இடமில்லை. எல்லாவற்றையும்விட, ராத்திரிகளில் அவளும் என் மனைவியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். "அண்ணி செஞ்சதுல தப்பே இல்ல" என்று என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்ன அன்று எனக்குப் புரிந்துவிட்டது. இது தொற்றிக்கொள்ளும் வியாதி. அக்காவை அவள் வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

நல்லவேளையாக, நான் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்பவன். கடையில் எல்லா ஜாதி வண்டியும் வரிசையாக நிற்கும். பின்னால் லாரி நிறுத்த விட்டிருந்த காலி மனை, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் என் மெக்கானிக் இருப்பான். என் வயதுக்காரன். ஊர் வைத்த பெயர் ஸ்பேனர். எப்போதும் வாயில் நான்கு போல்ட்டைக் கவ்விக்கொண்டிருப்பதால் அதிகம் பேசமாட்டான். சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே செய்வான். அதனால் அவனிடம் பேசும்போது யோசித்துப் பேசவேண்டும்.

அக்காவின் நிபந்தனையை மாமாவிடம் போனில் சொல்லியிருந்தேன். நாலாவது நாள் அவர் கடைக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. முகம் மட்டும் கசங்கியிருந்தது.

"மாப்ள, ஒரு வண்டி பாக்கணும்."

"யாருக்கு மாமா?"

"தெரிஞ்ச ஒருத்தருக்கு."

"அந்தத் தெரிஞ்சவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"கத்துக்குவார்," என்றவர் கொஞ்சம் தள்ளி நின்று, ஏதோ விலை கேட்கிற குரலில், "அவ சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"என் பங்கையும் சேத்து."

லைசென்ஸ் அவரிடம் இருந்தது. இளவயதில் கார் ஓட்டிக் காட்டியவருக்கு, போனால் போகிறதென்று இரண்டு சக்கரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவரும் மறுக்கவில்லையாம். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார் என்பதால் கீழே விழமாட்டார் என்று நானும் தைரியமாகத்தான் இருந்தேன்.

அந்தக் காலி மனையில் ஓட்டிப் பழக, முதலில் சாதாரண வண்டி ஒன்றைக் கொடுத்தேன். பால்காரர், பேப்பர்காரர் எல்லாரும் ஓட்டுகிற, பாவப்பட்ட சின்ன வண்டி. மாமா ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தார். இடது கண்ணாடியைச் சரி செய்தார். வலது கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு அவருடைய கை தோளுக்கு மேலே போய்க் காற்றில் எதையோ தேடியது.

"என்ன மாமா?"

"பெல்ட்டு..." என்றவர் சட்டென்று கையை இறக்கித் தோளைச் சொறிந்துகொண்டார்.

வண்டியைக் கிளப்பியதும் பேச ஆரம்பித்தார். என்னிடமில்லை, தன்னிடமே. "கிளட்ச்சைப் பிடிங்க. கியர் போடுங்க. மெதுவா விடுங்க. பதட்டப்படாதீங்க, நான் பக்கத்துலதான இருக்கேன்." தனக்குத்தானே மரியாதை கொடுத்துப் பேசிக்கொள்ளும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். வண்டியும் மரியாதையாக நகர்ந்தது. பத்தடி போயிருக்கும், வலது கால் மிதித்தது. மோட்டார் சைக்கிளில் வலது காலுக்கு அடியில் இருப்பது பின்சக்கர பிரேக். வண்டி குலுங்கி அணைந்தது.

"என்ன ஆச்சு?"

"நாய்."

நாய் மனையின் மறுகோடியில், சுவரோரம், குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி கிளப்பினார். மறுபடி மிதித்தார். இந்த முறை ஒரு காகிதம் பறந்து வந்தது. அதற்கடுத்த முறை நான் தும்மினேன். அதற்கும் அடுத்த முறை நாய், காகிதம், தும்மல் எதுவும் இல்லை.

"மாமா, எதுவுமே வரலையே. இப்ப எதுக்கு மிதிச்சீங்க?"

"வந்தா?"

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன். என் அக்கா வீட்டுக்காரர், வயதில் பெரியவர், தவிரவும் அவர் கற்றுக்கொண்டால்தான் என் கட்டில் எனக்கு.

மறுநாள் வளைந்து குனிந்து ஓட்டுகிற பந்தய வண்டியில் ஏற்றினேன். அதில் ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளியிருக்கும், பிரேக் பெடல் காலுக்குச் சரியாக அகப்படாது என்பது என் கணக்கு. ஏற்றிய பிறகு பார்த்தால் மாமாவின் முகம் பெட்ரோல் டேங்கையும் பின்புறம் ஆகாயத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்தா அவரிடம் கார் கற்றுக்கொள்கிற பெண்ணும் அவள் அப்பாவும் அந்த வழியாகப் போகவேண்டும்? "மாஸ்டர், என்ன பண்றீங்க?" என்று அந்த அப்பா சத்தமாகக் கேட்டார். மாமா அசையாமல் அதே கோலத்திலிருந்து, "ஒரு திருகு விழுந்துடுச்சு, தேடறேன்" என்றார். அவர்கள் இருவரும் உள்ளே வந்து நல்ல மனதோடு கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனார்கள். அந்த வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

காடு மேடெல்லாம் ஏறுகிற உயரமான வண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டூல் போட்டு ஏறினார். கால் தரையில் எட்டவில்லை என்று தெரிந்ததும் இறங்கவேண்டும் என்றார். ஸ்டூலை அதற்குள் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான்.

பிறகுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. கடையின் மூலையில் ஓர் அரதப் பழசு வண்டி, படபடவென்று ஊரைக் கூட்டும் ரகம். அந்தக் காலத்து வண்டி என்பதால் அதில் எல்லாம் தலைகீழ். பிரேக் இடது காலில், கியர் வலது காலில். மாமாவின் வலது காலுக்கு அடியில் பிரேக்கே இல்லையென்றால் அவர் ஆசை தீர மிதித்துக்கொள்ளட்டுமே! இதை நினைத்து என்னையே நான் மெச்சிக்கொண்டேன். அந்த வண்டியில் வலது காலால் மிதித்தால் கியர் அடுத்தடுத்து மேலே ஏறும் என்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வண்டி அழகாகக் கிளம்பியது. "பதட்டப்படாதீங்க" என்று தனக்குச் சொல்லிக்கொண்டே மாமா பாதி மனையைக் கடந்துவிட்டார். நான் கை தட்டினேன். கைதட்டலில் நாய் எழுந்து நின்றது. மாமா மிதித்தார். இரண்டாவது கியர். வண்டி நிற்கவில்லையே என்று பலமாக மிதித்தார். மூன்றாவது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரையும் இறுக்கி முறுக்கியிருந்தார். "பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே மிதித்தார், நாலாவதும் விழுந்துவிட்டது. நாய் சுவரேறிக் குதித்து ஓடியது. அன்றைக்குப் பிறகு அதை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாமா மனையின் கோடியில் குவித்திருந்த பழைய டயர்களுக்குள் போய்ச் சேர்ந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். கழுத்தில் ஒரு ஸ்கூட்டர் டயர் மாலையாக விழுந்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. "அவகிட்ட சொல்லிடாதே" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நான் சொல்லவில்லை. மறுநாள் சாப்பிடும்போது அக்காவே கேட்டாள். "அவர் முழங்கையில என்னடா காயம்?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"போற வழியில தற்செயலா பாத்தேன்."

டிரைவிங் ஸ்கூல் அவள் போகிற வழியில் இல்லை. என் மனைவி குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டாள். மருந்து டப்பா ஒன்று அன்றிரவே என் சட்டைப் பையில் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அடுத்து, சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற க்ரூயிசர் வண்டி. சினிமா வில்லன்கள் வருவார்களே, அது. ஏறி உட்கார்ந்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இது கார் மாதிரியே இருக்கே மாப்ள!" கால் முன்னால், கை முன்னால், முதுகு நிமிர்ந்து. மனையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு முறைதான் மிதித்தார். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. "ரோட்டுக்குப் போலாம் மாமா, நான் பின்னாடி உக்கார்றேன்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

ரோட்டில் தூரத்தில் ஒரு பஸ் வந்தது. தூரத்தில் என்றால், அது பஸ்தானா என்றே நான் கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டியிருந்தது. மாமா மிதித்தார். என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோத, பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்கள்மேல் மோத, நடு ரோட்டில் நான் கத்தித் தீர்த்துவிட்டேன். "என்ன மனுஷன் நீங்க! உங்களுக்கெல்லாம் வண்டி ஒரு கேடா! எங்கக்கா இத்தனை வருஷம் எப்படித்தான் உங்களை வெச்சு ஓட்டினாளோ!"

மாமா இறங்கினார். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, என் வேலையே என்ன? பக்கத்துல இருக்கறவங்க மோதப் போறதுக்கு முன்னாடி நிறுத்தறது. நான் நிறுத்தலேன்னா யாரு நிறுத்துவா? தூங்கும்போதுகூட அந்தக் காலை என்னால சும்மா வெக்க முடியல."

"அக்கா நல்லா ஓட்டுவா மாமா. நம்பி உக்கார வேண்டியதுதானே?"

"நம்பலேன்னு யாரு சொன்னா? அவளை மாதிரி ஓட்ட இந்த ஊர்ல ஆளே கிடையாது. நான் கத்துக்குடுத்த ஒருத்தர்கூட அப்படி ஓட்டமாட்டாங்க. அவ ஓட்டறதுக்கு நான் பயப்படல. அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். ரெண்டும் வேற இல்லையா?"

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"தினமும் சொல்றனே."

"என்னன்னு?"

"பிரேக்குன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. அந்த ஆளை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

கடைக்குத் திரும்பியதும் மிச்சமிருந்த ஒரே வண்டியைப் பார்த்தேன். ஸ்கூட்டர். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, இரண்டு பிரேக்கும் கையில். அக்கா ஓட்டுவதும் ஸ்கூட்டர்தான் என்பதால் மாமாவுக்கு அதில் ஏற அதுவரை கௌரவம் தடுத்திருந்தது. இப்போது பேசாமல் ஏறினார். கிளம்பினார். வலது கால் மிதித்தது. அங்கே வெறும் தகரத் தளம், மிதிப்பதற்கு ஒன்றுமில்லை. தொம். வண்டி நிற்கவில்லை. தொம், தொம். நிற்கவில்லை. "காலுக்கு ஒண்ணும் கிடைக்கல மாப்ள!" என்று அலறிக்கொண்டே மனையை முழுச் சுற்றுச் சுற்றி வந்து, கையால் பிரேக் பிடித்து, ஒழுங்காக நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியது. பேயறைந்த மாதிரி இருந்தார்.

"ஓட்டிட்டீங்க மாமா!"

"மாட்டேன். இதுல மாட்டேன். மிதிச்சா ஒண்ணுமே இல்ல. கிணத்துல விழற மாதிரி இருக்கு." இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அவகிட்ட சொல்லிடு. என்னால முடியல."

என் பொறுமை அத்தோடு தீர்ந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பி, "டேய் ஸ்பேனர்! அந்தக் காலுக்கு ஒரு பெடலைப் புடுங்கி மாட்டி விடுடா! ஆயுசு பூரா மிதிச்சிட்டே போகட்டும்!" என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஏற்கெனவே சொன்னேன், ஸ்பேனரிடம் யோசித்துப் பேசவேண்டும் என்று. நான் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரின் தளத்தில் ஒரு பெடல் இருந்தது. ஏதோ ஒரு காயலான் கடைக் காரிலிருந்து எடுத்தது. அடியில் ஸ்பிரிங் வைத்து, இரண்டு போல்ட்டில் நிறுத்தியிருந்தான். வேறு எதோடும் அது சேரவில்லை. மாமா குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

ஸ்பேனர் வாயிலிருந்து போல்ட்டுகளை எடுத்தான். "செய்யாது."

மாமா ஏறி உட்கார்ந்தார். மிதித்துப் பார்த்தார். பெடல் இறங்கி, மெதுவாக மேலே வந்தது. மறுபடி மிதித்தார். "காலுக்கு ஒரு வேலை இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எதிரே ஒரு கோழி ஓடியது. பெடலை மிதித்தார், கூடவே நிதானமாகக் கையால் வேகத்தைக் குறைத்தார், கோழி போனதும் போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருட்டும்வரை நிறுத்தவே இல்லை. அடுத்த வாரம் முழுக்க, மாணவர்கள் இல்லாத நேரமெல்லாம் ரோட்டில் ஓட்டிப் பழகினார். நான் பின்னால் உட்கார்ந்துபோனேன். என் ஹெல்மெட் எங்கும் மோதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஹார்ன் சத்தம். இஸ்திரி போட்ட சட்டையில், நிமிர்ந்த முதுகோடு மாமா ஸ்கூட்டரில் இருந்தார். அக்கா வெளியே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை, வண்டியைச் சுற்றி வந்தாள். பெடலைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அது எனக்கு," என்றார் மாமா. "நீ ஏறு."

பையையும் பெட்டியையும் என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். அக்கா ஹெல்மெட் போட்டு ஏறி உட்கார்ந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மாமா அருமையாக ஓட்டினார். முதல் திருப்பம் வரைக்கும் அக்கா ராணி மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தில் ஒரு வேன் வந்தது. அக்காவின் வலது கால் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்ததை நான் பார்த்தேன். அப்புறம் ஒரு தண்ணி லாரி. மிதித்தாள். சிக்னல். மிதித்தாள். கை மாமாவின் சட்டையைப் பிடித்துக் கசக்கியது. கடைசியில், குறுக்கே வராத ஒரு சைக்கிளைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "பிரேக்!" என்று கத்தினாள். மாமா வேகத்தைக் குறைத்தார்.

அவர்கள் வீட்டு வாசலில் அக்கா இறங்கினாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தானே ஓட்டினேன்?" என்றார் மாமா.

"நல்லாத்தான் ஓட்டினீங்க," என்றாள் அக்கா. அவரையே ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா ஓட்டினாலும் இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கும்."

அவள் கேட்டைத் திறந்தாள். இருவரும் உள்ளே போனார்கள். வாசலில் நின்ற என்னை உள்ளே வா என்று சொல்ல இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நானும் என் கட்டிலை நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன்.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். சில நாள் கழித்து அக்கா தன் ஸ்கூட்டரோடு கடைக்கு வந்தாள். என்னிடம் வராமல் நேராக ஸ்பேனரிடம் போனாள். இருவரும் வண்டிக்கு அடியில் தலையை விட்டு ஏதோ பேசினார்கள். ஸ்பேனர் ஒரு பெடல் எடுத்தான், ஒயர் எடுத்தான், சின்ன சிவப்பு பல்பு ஒன்று எடுத்தான். மூக்கை நுழைக்கப் போன என்னை, "உன் வேலையைப் பாருடா" என்று விரட்டினாள்.

சாயங்காலம் மாமா வேலை முடிந்து அங்கேயே வந்தார். இப்போதெல்லாம் அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் பழையபடி அக்காதான். ஆனால் ஒரு தெரு முன்னாடி இறக்கிவிடுவதில்லை, டிரைவிங் ஸ்கூல் வாசலிலேயே இறங்குகிறார். அக்கா வண்டியைக் கிளப்பி நின்றாள். மாமா பின்னால் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தார். வலது ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்தில் ஒரு பெடல்.

மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாத மாதிரி, "இது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"செய்யும்," என்றாள் அக்கா. "மிதிங்க."

மிதித்தார். முன்னால், அவள் கண்ணுக்கு நேரே, ஹாண்டில் நடுவில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுது," என்றாள் அக்கா, திரும்பாமல். "நீங்க கத்த வேணாம். பயமா இருந்தா மிதிங்க. எனக்குத் தெரிஞ்சுடும். நான் மெதுவாப் போறேன்."

மாமா ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. மாமாவின் கால் இறங்கியது. அக்கா வேகத்தைக் குறைத்தாள். லாரி போகும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்புறம் மாமா காலை எடுத்தார், அவள் போனாள்.